எட்டாம் மாதத்தில் மேல்வயிற்று வலி: வாயுத் தொல்லைதானா?

தங்கைக்கு 33 வாரக் கர்ப்பம், மேல்வயிற்றில் வலி, வாந்தி. வாயு என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடக்கூடாது. இரவானாலும் இன்றே மகப்பேறு மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலித்தால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். அது வீங்கி, மேலுறை இழுபடுவதால் வரும் வலி சுக்குக் கஷாயத்துக்கு அடங்காது.

கர்ப்பத்தில் கல்லீரலையும் ரத்தத்தையும் தாக்கும் இந்த ஆபத்தான நோயை ஹெல்ப் (HELLP) என்பார்கள், 1982இல் லூயி வைன்ஸ்டீன் என்ற மருத்துவர் வைத்த பெயர். சிவப்பணுக்கள் சிதையும், கல்லீரல் நொதிகள் உயரும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கும். பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தத்தோடு வரும். ஆனால் சிலருக்கு அழுத்தம் சரியாகவே இருக்கும். ஏமாறுகிற இடம் அதுதான். 'பிரஷர் நார்மல்' என்றாலும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அழுத்தம் 160/110ஐத் தொட்டால் லபெட்டலால் அல்லது நிஃபெடிபின் கொடுத்துக் குறைப்பார்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட். அந்த மருந்து ஏறும்போது முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கால் துள்ளாவிட்டால் மருந்து மிகுந்துவிட்டதோ என்று உடனே நிறுத்துவார்கள்.

நோய் தீர வழி பிரசவம்தான். 34 வாரத்துக்கு முன்பென்றால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. பிரசவமான ஓரிரு நாளில்கூட இது தலைகாட்டலாம். அப்போதும் கடும் தலைவலி, கண் மங்கல் என்றால் தாமதிக்காதீர்கள்.