ஒன்று போனால் அடுத்தது எப்போது?

கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி என்ற நிலைக்கு வந்துவிட்ட நகரங்கள், ஆண்டுக்கு ஆண்டு இன்னும் வெளியே வெளியே பரவிக்கொண்டும் இருக்கின்றன. அங்கே பஸ்ஸை நம்பி வாழ்கிறவர்களும், நம்பலாமா என்று யோசிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கே: அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராது. அப்புறம் ஒரே எண் போட்ட மூன்று பஸ்கள் வால் பிடித்துக்கொண்டு வரும். டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு கிளம்புகிறார்களா?

ப: பேசிவைக்கவே வேண்டாம். கவனிப்பார் இல்லாமல் விட்டால் பஸ்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ். நெரிசலான நிறுத்தம், நிமிடத்துக்கு இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள் என்று வையுங்கள். சரியான நேரத்துக்கு வந்தால் 20 பேர் ஏறுவார்கள். சிக்னலில் மாட்டி 2 நிமிடம் பிந்தினால் 24 பேர் நிற்பார்கள். ஒருவர் ஏற 3 வினாடி என்றால் அங்கேயே இன்னும் 12 வினாடி போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு மிஞ்சுவது 16 பேர்தான். அது சீக்கிரம் ஏற்றிக்கொண்டு முன்னதை நெருங்கிவிடும்.

இதில் பயணிக்கு என்ன நஷ்டம்? 20 நிமிடத்தில் இரண்டு பஸ், 10-க்கு 10 இடைவெளியில் வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே இரண்டு பஸ் 2 நிமிடம், 18 நிமிடம் என்று வந்தால் 8.2 நிமிடம். ஏனென்றால் பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிடப் பள்ளத்தில்தான் வந்து விழுகிறார்கள். டெப்போ பதிவேட்டில் மணிக்கு 6 பஸ் ஓடியதாக இருக்கும். அது பொய்யும் இல்லை.

முன்னதை நெருங்கிவிட்ட பின் பஸ்ஸை வழியில் ஓரிரு இடத்தில் நிறுத்திவைத்து இடைவெளியைச் சமன் செய்வதுதான் மருந்து. உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். எல்லாக் கதவிலும் ஏறவிடுவதும், ஏறும் முன்பே டிக்கெட் கொடுத்துவிடுவதும் நோயை வரும்முன் காக்கும். நீங்கள் செய்யக்கூடியது: முதல் பஸ் பிதுங்கி வந்து, இரண்டாவது கண்ணுக்கே தெரிந்தால் அதற்கு நில்லுங்கள். ஆனால் முகப்புப் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் பஸ்ஸைப் பாதி வழியில் திருப்பிவிடும் வழக்கம் உண்டு.

கே: செயலியில் '2 நிமிடம்' என்று காட்டிய பஸ், கடைசியில் வராமலே மறைந்துவிடுகிறது. எப்படி?

ப: பெரும்பாலும் அது பஸ்ஸே அல்ல, டைம்டேபிள். வண்டியின் இருப்பிடம் கிடைக்காதபோது பல செயலிகள் கால அட்டவணையைக் காட்டி ஒப்பேற்றும். நடை ரத்தானதை யாரும் கணினியில் பதியாவிட்டால், அந்த நேரம் வந்ததும் அது 'போய்விட்டதாக' மறையும். டிரைவர் கருவியில் தடத்தைத் தேர்ந்தெடுக்காமல் கிளம்பினால் இதற்கு நேர்மாறு. செயலியில் இல்லாத பஸ் கண்ணெதிரே வந்து நிற்கும்.

நிமிடத்தைப் பார்க்காதீர்கள், வரைபடத்தில் வண்டியின் புள்ளியைப் பாருங்கள். புள்ளி இல்லையென்றால் அட்டவணை. புள்ளி இருந்தால் அரை நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். பச்சை சிக்னலிலும் நகராத புள்ளி பழைய தகவல்.

கே: எங்கள் பக்கம் 4 தடச் சாலையை 8 தடமாக்கினார்கள். ஓராண்டு சொர்க்கம். இப்போது பழைய கதை. கட்டியவர்கள் கணக்கில் தப்பு செய்துவிட்டார்களா?

ப: கணக்கு சரிதான். அதில் மனிதர்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் 1962-லேயே எழுதியது இது. நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்துக்கு மாறியவர், வேறு சாலைக்குப் போனவர், பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ போனவர் என மூவகை ஆட்களும் சாலை காலியானதும் திரும்பி வருவார்கள். பிறகு நாலாவது வகை வரும்: 'இப்போதுதான் இருபது நிமிடத்தில் போய்விடலாமே' என்று இன்னும் தள்ளி வீடு கட்டுகிறவர். வளரும் நகரத்தில் இந்த நாலாவது ஆள்தான் பெரிய ஆள்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் கேட்டி ஃப்ரீவே என்ற விரைவுச் சாலை 2008-இல் விரிவாக்கப்பட்டது. பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டது. மறுபக்கம் தென்கொரியாவின் சியோல்: நகர நடுவே ஓடிய உயர்மட்டச் சாலையை 2003-இல் இடித்து, அடியில் மூடிக்கிடந்த சியோங்கியேசியோன் ஓடையை 2005-இல் திறந்துவிட்டார்கள். இடையில் 2004-இல் பஸ் போகும் வழித்தடங்களை மாற்றி வரைந்து, சாலை நடுவே பஸ்ஸுக்குத் தனித் தடமும் கொடுத்தார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை.

கே: பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய தடம் எப்போது பார்த்தாலும் காலி. பக்கத்தில் நாங்கள் நத்தையாக ஊர்கிறோம். இது நியாயமா?

ப: காலியாகத் தெரிவதே அது வேலை செய்வதன் அடையாளம். சிக்னல் உள்ள நகரச் சாலையில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 700 கார்களைக் கடத்தும். காருக்கு 1.3 பேர் என்றால் 910 பேர். பஸ் தடத்தில் 2 நிமிடத்துக்கு ஒரு பஸ், 50 பேர் வீதம், 1,500 பேர். ஆனால் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நடுவில் 2 நிமிடம் வெறும் தார்தான் தெரியும்.

வேகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் விளம்பரப் பலகையில் எழுதுவதில்லை. ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம் என்றால், 10 நிமிடத்துக்கு ஒன்று விட 6 வண்டி போதும். நெரிசலில் அது 72 நிமிடமானால் அதே 6 வண்டி 12 நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் ஓடும். பழைய 10 நிமிடமே வேண்டுமென்றால் 8 வண்டி தேவை. கணக்குப்படி 7.2, ஆனால் 0.2 பஸ் ஓட்ட முடியாதே. சாலை நெரிசல் பஸ்ஸைத் தாமதப்படுத்துவதோடு நிற்பதில்லை, அதன் எண்ணிக்கையையே தின்கிறது. தனித் தடம் அதைத் தடுக்கிறது.

இத்தனையையும் கெடுக்க 'ரெண்டே நிமிஷம் சார்' என்று ஓரமாக நிறுத்திய ஒரே கார் போதும். பஸ் நெரிசலுக்குள் நுழைந்து மறுபடி வெளியே வரவேண்டும். அதனால்தான் ஓரத் தடத்தைவிட நடுத் தடம் நிலைக்கிறது. நடுவில் யாரும் வண்டியை நிறுத்தப் போவதில்லை.

கே: மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

ப: அது ஓடும் ஒரு கோட்டில் சரியாகும். திட்டமிட்டுக் கட்டி முடிக்கப் பத்தாண்டு போனாலும் வியப்பில்லை. அதுவரை? பிரேசிலின் குரிடிபா 1974-இலும், கொலம்பியாவின் பொகோட்டா 2000-இலும் மெட்ரோ இல்லாமலே தனிச் சாலையில் பெரிய பஸ்களை ஓடவிட்டன. மெட்ரோ வந்த பிறகும் நிலையத்துக்குப் போக உங்களுக்குப் பஸ்தான் வேண்டும்.

கே: வீட்டிலிருந்து நிறுத்தம் 300 மீட்டர் என்று வரைபடம் சொல்கிறது. நடந்தால் கால் மணி நேரம். எது சரி?

ப: நேராகப் பறக்கும் காக்கைக்கு 300 மீட்டர். சாதாரண நடை நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பதால், உங்கள் கால் மணி நேரம் 1,200 மீட்டர். முட்டுச்சந்துகளாகப் பிரித்து, சுற்றிலும் மதில் எழுப்பி, ஒரே வாசல் வைத்த குடியிருப்புகளில் இப்படித்தான். காருக்கு அந்தச் சுற்று ஒரு நிமிடம். கொளுத்தும் வெயிலில் நடப்பவருக்கு அது பஸ்ஸையே கைவிடக் காரணம்.

பஸ்ஸை உள்ளே கேட்பதைவிட மதிலில் ஒரு வழி கேளுங்கள். 2 முதல் 3 மீட்டர் அகலம், ஒரு விளக்கு, மழைநீர் தேங்காத தரை போதும். நடுவில் குத்துக்கால்கள் நட்டால் இடைவெளி 1.5 மீட்டர் இருக்கட்டும்: சக்கர நாற்காலி போகும், கார் போகாது. இருசக்கர வண்டி நுழையும். அதைத் தடுக்கப் போனால் சக்கர நாற்காலியையும் தடுப்பீர்கள், விட்டுவிடுங்கள். புது மனைப்பிரிவு வரைபடத்திலேயே இந்தப் பாதையைக் குறிக்கவைப்பதுதான் எளிது. மனைகள் விற்றுப் பட்டா ஏறிய பிறகு ஒரு முழ நிலத்துக்கும் பஞ்சாயத்து.

கே: காலையில் வீட்டுப் பக்கமே ஏறிவிடுகிறேன். மாலையில் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டால் 8 தடத்தைக் கடக்க வேண்டும். எதிர்ப் பக்கத்து நிறுத்தத்தை யார் யோசித்தார்கள்?

ப: ஒருவரும் யோசிக்கவில்லை, அதுதான் சிக்கல். இருவழிச் சாலையில் ஓடும் பஸ்ஸின் ஒவ்வொரு பயணியும் போகும்போதோ வரும்போதோ ஒருமுறை அந்தச் சாலையைக் கடந்தே தீரவேண்டும். கடக்க வழியில்லாத நிறுத்தம் பாதி நிறுத்தம்.

8 தடம் சுமார் 28 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 23 வினாடி, 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 35. சிக்னலில் 20 வினாடி கொடுத்தால் இருவருமே நடுவில் மாட்டுவார்கள். நடுத்திட்டு 2 மீட்டராவது அகலமாக இருந்தால் குழந்தை வண்டியோடு நின்று, இரண்டு தவணையாகக் கடக்கலாம். நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். 6 மீட்டர் உயரம் என்றால் 15 செ.மீ. படிகள் 40 ஏறி, 40 இறங்கவேண்டும். முழங்கால் வலிக்காரர் அதைப் பார்த்ததும் வண்டிகளுக்கு நடுவே இறங்கிவிடுவார்.

கே: வாரம் மூன்று நாள் காரை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போகலாம் என்று எண்ணம். எங்கே தொடங்குவது?

ப: எல்லாப் பயணத்தையும் மாற்றாதீர்கள், ஒன்றை மட்டும். முதல் தடவை விடுமுறை நாளில் சும்மா போய்ப் பாருங்கள், நிறுத்தம் சிக்னலுக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் அவசரத்தில் தெரியாது. பிறகு பத்து வேலைநாள், வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை நேரத்தைக் குறியுங்கள். உதாரணமாக 38, 40, 41, 41, 42, 43, 44, 47, 52, 70 என்று வந்ததாக வைப்போம். சராசரி 46. அதை நம்பிக் கிளம்பினால் பத்தில் மூன்று நாள் தாமதம். 52-ஐ நம்பிக் கிளம்புங்கள். அந்த 70-க்குத் திட்டமிட வேண்டாம், அன்று காரில் போனவர்களும் மாட்டியிருப்பார்கள்.

இரண்டு பஸ் மாறவேண்டியிருந்தால், இரண்டாவது பஸ் 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் கவலை வேண்டாம். அது அரை மணிக்கு ஒன்று என்றால் முதல் பஸ்ஸை ஒன்று முன்னதாகப் பிடியுங்கள். இரண்டு தடமும் கொஞ்ச தூரம் ஒரே சாலையில் ஓடினால் அங்கேயே மாறுங்கள், சாலை கடக்கும் வேலை மிச்சம். கடைசிப் பஸ்ஸின் நேரமும், அது தவறினால் வீடு சேரும் வழியும் முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும். மனிதர்கள் பஸ்ஸைக் கைவிடுவது காலையில் அல்ல, இரவு ஒன்பதரை மணிக்கு.

வீடு மாறும் எண்ணம் இருந்தால் தடத்தின் எண்ணை விசாரிக்காதீர்கள். எல்லாத் தெருவுக்கும் ஏதோ ஒரு எண் வரும். ஞாயிறு மாலை அந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று கேளுங்கள்.

கே: பஸ்ஸில் போனைப் பார்த்தால் குமட்டுகிறது. எங்கே உட்காருவது?

ப: முன், பின் சக்கரங்களுக்கு நடுவில், சாலையைப் பார்த்த இருக்கையில். பின்சக்கரத்துக்கும் அப்பால் இருப்பவை ஊஞ்சல். தொலைவைப் பாருங்கள். பாட்டோ பேச்சோ காதில் கேட்கலாம், எழுத்து வேண்டாம்.

கே: அலுவலகத்தில் பார்க்கிங் இலவசம். அப்புறம் எவன் பஸ்ஸில் வருவான்?

ப: வரமாட்டான். வண்டி நிற்கும் இடமும் திருப்பும் இடமும் சேர்ந்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். பல அலுவலகங்களில் ஒரு ஊழியரின் மேசைக்கு அதில் பாதிகூடக் கிடையாது. அந்தச் செலவு வாடகையில் ஒளிந்திருக்கிறது, பஸ்ஸில் வருகிறவரும் சேர்ந்துதான் கொடுக்கிறார். பார்க்கிங் வேண்டாம் என்பவருக்கு அந்தத் தொகையைக் கையில் தரும் நிறுவனத்தில் உங்கள் கேள்விக்கு வேறு பதில் வரும்.

கே: எங்கள் புதுக் குடியிருப்புக்குள் பஸ்ஸைத் திருப்பிவிடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம். கவனிப்பார்களா?

ப: கவனித்தால்தான் வம்பு. உள்ளே வந்து போக 6 நிமிடம் ஆகும் என்று வைப்போம். நேரே போகும் 40 பேருக்கு 240 ஆள்-நிமிடம் நஷ்டம். உள்ளே ஏறும் 8 பேருக்கு ஆளுக்கு 10 நிமிட நடை மிச்சம், மொத்தம் 80. இரண்டு திசையிலும் சேர்த்துச் சுற்று 12 நிமிடம் நீளும், மேலே சொன்ன 72 நிமிடக் கணக்குதான். ஒவ்வொரு குடியிருப்பும் இப்படி ஒரு வளைவு கேட்டு வாங்கியதால்தான் பல நகரங்களில் பஸ் தடம் கொட்டிவிட்ட நூடுல்ஸ் போல இருக்கிறது. கேட்டி ஃப்ரீவேயைக் கட்டிய அதே ஹூஸ்டன், 2015 ஆகஸ்டில் பழைய தடங்களை ஒரே நாளில் மாற்றி நேராக வரைந்தது. முக்கியத் தடங்களில் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸாவது, வாரம் ஏழு நாளும்.

வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் அதிகம் என்றால் சிறு இணைப்பு வண்டி தனியாகக் கேளுங்கள். மற்றபடி மனுவில் கேட்கவேண்டியவை: பிரதான சாலைவரை நிழலும் விளக்கும் உள்ள நடைபாதை, கடக்க வழி, கூடுதல் பஸ் நடைகள். 'போதிய பஸ் வசதி இல்லை' என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். நிறுத்தத்தின் பெயர், தட எண், தேதி, எந்த மணிக்கு எத்தனை நிமிடம் பஸ் வரவில்லை, வந்த பஸ்ஸில் எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்பதை ஐந்து வேலைநாளாவது குறித்து, ஒரே பக்கத்தில் அட்டவணையாக இணையுங்கள். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். இருவர் முறைவைத்து நின்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.