நீள்வாள் பழகுகிறவருக்கு மல்யுத்தமும் வேண்டுமா?

ஓராண்டாக ஐரோப்பிய நீள்வாள் பழகுவதாகவும், எதிராளி நெருங்கி வந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மல்யுத்தம் கற்க வேண்டுமா, எதில் தொடங்குவது என்பது கேள்வி. கட்டாயம் கற்க வேண்டும். விழுவதில் தொடங்குங்கள்.

வேலைக்காக ஜெர்மனி வந்த புதிதில் எனக்கும் இதே சிக்கல்தான். வாளும் வாளும் முட்டி நின்றால் கைகளை உயர்த்தி மேலிருந்து அழுத்துவேன். ஒருநாள் எதிரே நின்றவர் எதிர்த்து அழுத்தவே இல்லை. தன் கைகளையும் உயர்த்தி, வலக்கையை வாளிலிருந்து எடுத்தார். இடக்கையிலிருந்த வாள் அவர் முதுகுப்பக்கம் தொங்க, தலையைக் குனிந்து என் வலது கைக்கு அடியில் புகுந்தார். அவர் வலது கால் என் வலது காலுக்குப் பின்னால். வலக்கை என் வயிற்றுக்குக் குறுக்கே. அவ்வளவுதான், மல்லாந்து கிடந்தேன். விழத் தெரியாததால் பின்தலை தரையில் மோதியது. முகக்கவசத்தின் பின்புறத் திண்டு காப்பாற்றியது.

இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயர் டுர்ஷ்லாவ்ஃபன், அதாவது ஊடே ஓடுதல். பழைய ஜெர்மன் வாள் ஆசான் லீக்டெனவரின் மரபில், வாள் பாடத்திலேயே இது இருக்கிறது. பழைய ஆசான்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1410 வாக்கில் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரே மல்யுத்தத்தில் தொடங்கி, குத்துவாளுக்குப் போய், அப்புறம்தான் வாளை எடுக்கிறார்.

அதன்பின் ஆறு மாதம் ஜூடோ போனேன். முதல் சில வாரங்கள் விழுவது மட்டும்தான்: தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், கையை ஊன்றாதே, முன்கையால் தரையை அறை. சலிப்பாக இருந்தாலும் வாள் கூடத்தில் பயம் போனது அதனால்தான். இடுப்பை எதிராளியின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோவதும் அங்கே படிந்தது.

ஜூடோவின் சட்டைப் பிடிகள் மட்டும் உதவவில்லை. தடித்த கையுறையோடு துணியைப் பிடிக்கவே முடியாது. முழங்கையைத் தள்ளுவது, அக்குளுக்கு அடியில் கை கொடுத்து வளைத்துக்கொள்வது, இவை போதும். அந்த வகையில், இடுப்புக்கு மேலே மட்டும் பிடிக்கும் கிரேக்க-ரோமன் மல்யுத்தம் இன்னும் பொருந்தும். குனிந்து இரு கால்களையும் வாரும் பிடியை விட்டுவிடுங்கள். எதிராளி கையில் வாள் இருக்கிறது. அதன் கைப்பிடி முனையிலுள்ள குமிழ் உங்கள் பிடரியில் இறங்கும்.

மெத்தை இல்லாத தரையில் யாரையும் வீழ்த்தாதீர்கள். முகக்கவசத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது, கழுத்து திருகிவிடும். கூட்டாளி ஒருவர் கிடைத்தால் வகுப்புக்கு முன் பத்து நிமிடம், வாள் இல்லாமல், கையுறை மட்டும் மாட்டிக்கொண்டு, யார் முதலில் அடுத்தவர் கைக்கு அடியில் புகுவது என்று பழகிப் பாருங்கள்.