இடித்த வீட்டுக்குச் சேதாரம் எவ்வளவு?

கேள்வி: சேலத்தில் வாழ்க்கைச் செலவு குறைவுதானே? பழைய வீடுகளை இடித்து அபார்ட்மெண்ட் கட்டினால் வீடுகள் கூடி வாடகை இறங்காதா?

எங்கள் விஷயத்தில் வீடுகள் கூடின, வாடகை இறங்கவில்லை.

செவ்வாய்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் பதினோரு வருடம் குடியிருந்தோம். நடுவில் வாசல், கிணறு, துவைக்கிற கல். சுற்றிலும் ஐந்து குடித்தனம். வாடகை 3,500. முன்னறைதான் என் பட்டறை. கொலுசு பற்றவைப்பது என் தொழில். வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கும் கடைக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் வண்டிகூட வாங்கவில்லை.

வீட்டுக்கார ஐயா தவறியதும் பிள்ளைகள் நான்கு பேருக்கும் பங்கு வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மொத்த வாடகை 17,500ஐ நான்காகப் பிரித்தால் ஆளுக்கு என்ன வரும்? ஓடு மாற்றவும் லேசில் ஆள் கிடைப்பதில்லை. பில்டர் வந்து, "இடத்தைக் கொடுங்கள், கட்டி முடித்துப் பாதி வீடு உங்களுக்கு" என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

வயிறு எரிந்தது இடித்த விதத்தைப் பார்த்துத்தான். தேக்குக் கதவு, நிலை, உத்திரம் எல்லாம் முதல் நாளே பழைய மரக் கடைக்குப் போயின. கூரை ஓடுகளையும் பதமாக இறக்கினார்கள். அதுவரை சரி. அப்புறம் ஜேசிபி வந்தது. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அந்தக் காரையைத் தட்டினால் உதிர்ந்துவிடும், செங்கல் முழுசாகக் கைக்கு வரும், மறுபடி கட்டலாம். சிமெண்ட் கலவை என்றால் கல்லும் சேர்ந்து உடையும். ஆனால் ஒவ்வொரு கல்லாகத் தட்டி எடுக்கக் கூலி யார் கொடுப்பது? மத்தியானத்துக்குள் சுவர் முழுவதும் நொறுங்கி லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே ஏதோ பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது. ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல் இடிபாடு வந்தால் கான்கிரீட், மண், மரம், இரும்பு, செங்கல் என்று பிரித்து வைக்க வேண்டும் என 2016ஆம் வருட மத்திய அரசு விதி இருந்தது. அன்றைக்கு யாரும் எதையும் பிரித்ததாக நான் பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்ட மாட்டோம். டப்பாவில் சேர்த்து வைத்து, கழுவி உருக்கி வெள்ளி எடுப்பது வழக்கம். ஒரு ஜோடி கொலுசுக்கே சேதாரக் கணக்கு உண்டு. அந்த வீட்டுக்கு யாரும் அப்படி ஒரு கணக்குப் போடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் கூரை ஓடுகளை மட்டும் மாற்றி, கழிப்பறையைப் புதிதாகக் கட்டி, அதே பழைய வீட்டை 5,000க்கு விட்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

ஐந்து குடித்தனம் இருந்த இடத்தில் இப்போது எட்டு வீடு. சரியாக எட்டு! அதைத் தாண்டாவிட்டால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டியதில்லை. வாடகை 14,000, பராமரிப்பு தனி. ராத்திரியில் மூன்று வீட்டில்தான் விளக்கு எரிகிறது. மற்றவை வாங்கிப் பூட்டிப் போட்டவை. பழைய ஐந்து குடும்பத்தில் ஒன்றுகூட அங்கே திரும்பவில்லை. வாடகையை எப்படியோ புரட்டினாலும், கேஸ் வைத்து ஊதுகிற வேலைக்கு மாடியில் யார் இடம் கொடுப்பார்கள்?

இப்போது கொண்டலாம்பட்டி தாண்டி இருக்கிறோம். வாடகை 6,500. அட்வான்ஸ் பத்து மாதம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017ஆம் வருட வாடகைச் சட்டம் சொல்கிறதாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவும் செல்லுமாம். கரண்டுக்கு வீட்டுக்காரரின் சப் மீட்டரில் யூனிட் ஒன்பது ரூபாய், அரசு தரும் இலவச யூனிட் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. வெள்ளி வாங்கவும் செய்த சரக்கைக் கொடுக்கவும் தினம் செவ்வாய்பேட்டைக்குப் போக வண்டி, அதற்குத் தவணை, பெட்ரோல். வாடகை ஏறியது 3,000 ரூபாய்தான். மற்றதைக் கூட்டினால் அதைப் போல இரண்டு மடங்கு வருகிறது.

காலி செய்த அன்று பட்டறைத் தரை இடுக்கில் படிந்திருந்த பதினோரு வருட மண்ணைச் சுரண்டி எடுத்துக் கழுவக் கொடுத்தேன். அதில் வந்த வெள்ளி டெம்போ வாடகைக்குச் சரியாக இருந்தது.