கால்பந்து கேள்வி-பதில்: இந்தியாவின் முதல்நிலை லீக் எது?

கேள்வி: 1911-லேயே மோகன் பகான் வெள்ளைக்கார அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிவிட்டது. அப்படியிருக்க, தேசிய லீக் 1996-ல்தான் தொடங்கியது என்கிறார்களே, எப்படி? (தஞ்சாவூர்)

பதில்: ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று மோகன் பகான் அன்று வாங்கியது ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. அது நாக்-அவுட் போட்டி. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். துராந்த் கோப்பையும் (1888) ரோவர்ஸ் கோப்பையும் (1891) அந்த ரகம். சந்தோஷ் டிராபி (1941) மாநில அணிகளுக்கானது, கிளப்புகளுக்கு அங்கே வேலை இல்லை. 1977-ல் வந்த ஃபெடரேஷன் கோப்பை நாடு முழுவதுமுள்ள கிளப்புகளை ஓரிடத்தில் சேர்த்தது. ஆனால் சில வாரங்களில் முடிந்துவிடும்.

கொல்கத்தாவில் 1898 முதலே லீக் உண்டு. ஆனால் எல்லா அணியும் ஒரே ஊர் என்பதால் பயணச் செலவு கிடையாது. தேசிய லீக் என்றால் வீரர்களும் பயிற்சியாளர்களுமாக இருபது இருபத்தைந்து பேரை மாதக்கணக்கில் ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அந்தப் பணத்தை யார் போடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே இத்தனை ஆண்டுகள் ஆயின. 1996 டிசம்பரில் தொடங்கிய முதல் தேசிய கால்பந்து லீகை பஞ்சாபின் ஃபக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. மில்ஸ் வென்றது. பாய்ச்சுங் பூட்டியா அப்போது அந்த அணியில்தான் இருந்தார்.

கேள்வி: தேசிய லீகை ஏன் ஐ-லீக் என்று மாற்றினார்கள்? வெறும் பெயர் மாற்றமா? (ஈரோடு)

பதில்: பெரும்பாலும் பெயர் மாற்றம்தான். 2006-07 வரை 11 சீசன்கள் நடந்தன. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் தலா மூன்று முறை, டெம்போ இரண்டு முறை, ஜே.சி.டி., சல்கோகர், மகிந்திரா யுனைடெட் தலா ஒரு முறை பட்டம் வென்றன. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் கொல்கத்தா டெர்பியைத் தவிர மற்ற ஆட்டங்களுக்குக் கூட்டம் சேரவில்லை. அதனால் 2007-ல் 10 அணிகளோடு, வெளிநாட்டு வீரர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்து, ஐ-லீக் என்ற புதுப் பெயரில் தொடங்கினார்கள். முதல் சீசனை வென்றது டெம்போ. முந்தைய தேசிய லீகின் கடைசி சீசனை வென்றதும் அதே டெம்போதான். ஒளிபரப்புக்கு ஜீ ஸ்போர்ட்ஸோடு போட்ட 10 ஆண்டு ஒப்பந்தம் 2010-ல் பாதியிலேயே முறிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பிறந்தது அந்த ஒப்பந்தத்திலிருந்துதான்.

கேள்வி: 2014-க்குப் பிறகு ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்று இரண்டு லீக் ஓடின. இதில் எதை இந்தியாவின் முதல்நிலை லீக் என்று எழுதுவது? வினாடி-வினாவில் இதனால் சண்டையே வந்துவிட்டது. (கோவை)

பதில்: சண்டை வருவது நியாயமே. லீகின் பெயரையோ தொலைக்காட்சிப் பகட்டையோ பார்க்காதீர்கள். குறிப்பிட்ட ஆண்டில் ஆசியாவின் பெரிய போட்டிக்கான இடம் எந்த லீகின் வெற்றியாளருக்குப் போனது, கீழிருந்து அணிகள் எந்த லீகுக்கு ஏறின என்ற இரண்டையும் பாருங்கள்.

2014, 2015, 2016: ஐ-லீக். ஐ.எஸ்.எல். அப்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடந்த போட்டி. ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பு அதை லீகாக அங்கீகரிக்கவில்லை. ஐ-லீக் வீரர்களே அங்கே கடனுக்குப் போய் ஆடிவிட்டு, ஜனவரியில் தங்கள் கிளப்புக்குத் திரும்பினார்கள்.

2017-18, 2018-19: இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஐ-லீக் சாம்பியனுக்கு, அடுத்தபடியான ஏ.எஃப்.சி. கோப்பை ஐ.எஸ்.எல். சாம்பியனுக்கு. ஆகவே மேலிடம் இன்னும் ஐ-லீகுக்கே.

2019-20 முதல்: ஐ.எஸ்.எல். 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் வகுக்கப்பட்ட திட்டப்படி ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடம் இங்கே மாறியது. அந்த வாய்ப்பில்தான் 2021-ல் எஃப்.சி. கோவா அதன் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் ஆனது.

2022-23 முதல்: ஐ-லீக் முறைப்படி இரண்டாம்நிலை. அந்த ஆண்டு அதை வென்ற பஞ்சாப் அணி ஐ.எஸ்.எல்.-க்கு ஏறியது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங்.

வினாடி-வினா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 2014-லிருந்து 2022 வரையிலான காலத்தைப் பற்றிக் கேட்டால் லீகின் பெயரையும் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் சென்னையின் எஃப்.சி.யின் இரண்டு பட்டங்களும் கணக்கில் வராதா? (சென்னை)

பதில்: ஐ.எஸ்.எல். பட்டங்களாகத் தாராளமாக வரும். 2015 இறுதிப்போட்டியில் கோவாவில் 1-2 எனப் பின்தங்கி, 90-வது நிமிடத்தில் எதிரணி கோல்கீப்பரின் சுயகோலில் சமன் செய்து, அடுத்த சில நிமிடங்களில் மெண்டோசாவின் கோலில் 3-2 என வென்ற ஆட்டத்தை யார் கணக்கிலிருந்து எடுக்க முடியும்? 2017-18-ல் பெங்களூருவில், எதிரணியின் சேத்ரி 9-வது நிமிடத்திலேயே கோல் போட்ட பிறகும், மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களின் உதவியோடு மறுபடி 3-2.

ஆனால் முந்தைய பதிலின் அளவுகோலை வைத்தால், தமிழ்நாட்டிலிருந்து தேசிய லீக் பட்டம் வென்ற ஆண்கள் அணி சென்னை சிட்டி எஃப்.சி.தான். 2018-19 ஐ-லீக். பெயரில் சென்னை இருந்தாலும் சொந்தக் களம் கோவை நேரு ஸ்டேடியம். கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. பெட்ரோ மான்ஸி 21 கோல். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். அந்தச் சாதனைக்குக் கிடைக்க வேண்டிய பேச்சில் பாதிகூட நம் ஊரில் கிடைக்கவில்லை. 2020-21-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை.

கேள்வி: ஐ.எஸ்.எல்.-ல் ஷீல்டு ஒருவருக்கு, கோப்பை இன்னொருவருக்கு. யார் சாம்பியன்? (மதுரை)

பதில்: லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவருக்கு ஷீல்டு (2019-20 முதல்), பிளே-ஆஃப் இறுதிப்போட்டியை வென்றவருக்குக் கோப்பை. பழக்கத்தில் 'சாம்பியன்' என்று அழைப்பது கோப்பை வென்றவரை. நியாயம் பார்த்தால் ஷீல்டுதான் கடினம்: ஆறேழு மாதம் தடுமாறாமல் ஆட வேண்டும். 2021-22-ல் ஷீல்டு ஜாம்ஷெட்பூருக்கு, கோப்பை ஹைதராபாத்துக்கு. 2024-25 வரை ஒரே சீசனில் இரண்டையும் அள்ளியவர்கள் இருவர்: மும்பை சிட்டி (2020-21), மோகன் பகான் (2024-25, 56 புள்ளியோடு).

புள்ளி சமமானால் உடனே கோல் வித்தியாசத்துக்கு ஓடாதீர்கள். சம்பந்தப்பட்ட அணிகள் நேருக்கு நேர் மோதியபோது யார் கை ஓங்கியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2020-21-ல் மும்பையும் ஏ.டி.கே. மோகன் பகானும் (மோகன் பகானின் அப்போதைய பெயர்) தலா 40 புள்ளி. நேருக்கு நேர் ஆடிய இரண்டையும் மும்பை 1-0, 2-0 என வென்றிருந்தது. ஷீல்டு மும்பைக்கு.

கேள்வி: ஒரு சீசனுக்கு எத்தனை ஆட்டம் என்பதை நாமே கணக்கிட வழி உண்டா? (நாகர்கோவில்)

பதில்: உண்டு. அணிகளின் எண்ணிக்கையை, அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்குங்கள். சொந்த ஊர், வெளியூர் என இரண்டு முறை மோதும் லீகின் மொத்த ஆட்டம் அது. 2014-ல் 8 அணி: 8 × 7 = 56. இரண்டு அரையிறுதிகளும் இரண்டிரண்டு ஆட்டம், பிறகு இறுதிப்போட்டி, ஆக 61. பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் சேர்ந்து 10 அணியானபோது 90 + 5 = 95. 2024-25-ல் 13 அணி: 156, அதற்கு மேல் பிளே-ஆஃப்.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா இருக்க வேண்டும். 12 அணிக்கு 22 சுற்று போதும். 13 அணிக்கு 26 வேண்டும், ஆனால் ஒவ்வொரு அணியும் ஆடுவது 24 ஆட்டம்தான். பாதி சீசனில் புள்ளிப் பட்டியலைப் பார்க்கும்போது 'ஆடியவை' என்ற கட்டத்தை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ஐஸால் அணி தரமிறங்கிய அடுத்த ஆண்டே சாம்பியன் ஆனது எப்படி? (திருச்சி)

பதில்: 2015-16-ல் எட்டாம் இடத்தில் முடிந்து ஐ-லீகிலிருந்து இறங்கியது உண்மை. ஆனால் 2016-ல் கோவாவின் சல்கோகர், ஸ்போர்ட்டிங், டெம்போ மூன்றும், ஐ.எஸ்.எல்.-ஐ முதலிடத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து ஐ-லீகை விட்டு விலகின. காலியான இடத்தில் ஐஸாலைத் திரும்பச் சேர்த்தார்கள். காலித் ஜமீலின் பயிற்சியில், 2016-17 சீசனின் கடைசி நாளில் ஷில்லாங் லஜோங்கோடு 1-1 என டிரா செய்து 37 புள்ளி எடுத்தது. மோகன் பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து தேசிய லீக் வென்ற முதல் அணி. அதே 2017-ல் விரிவடைந்த ஐ.எஸ்.எல்.-ல் ஐஸாலுக்கு இடமில்லை.

கேள்வி: பட்டம் வென்ற கிளப்புகள்கூட ஏன் காணாமல் போகின்றன? (சேலம்)

பதில்: மகிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது, ஜே.சி.டி. 2011-ல். இரண்டும் நிறுவனங்கள் நடத்திய அணிகள். நுழைவுச்சீட்டு வருமானமோ ஒளிபரப்புப் பங்கோ பெரிதாக இல்லாத நிலையில், முழுச் செலவும் ஒரே நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறும். அங்கே ஒரு கூட்டத்தில் 'போதும்' என்று முடிவெடுத்தால் அணி முடிந்தது.

இன்று கூடுதலாக இருப்பது கிளப் உரிமம். விளையாட்டு வளர்ச்சி, உள்கட்டமைப்பு, நிர்வாகமும் பணியாளர்களும், சட்டம், நிதி என்று தலைப்புத் தலைப்பாக ஆவணங்கள் கேட்பார்கள். 'ஏ' பிரிவு நிபந்தனை ஒன்றில் தவறினாலும் உரிமம் கிடையாது. 'பி' பிரிவில் தவறினால் உரிமத்தோடு தண்டனையும் வரும். 'சி' பரிந்துரை மட்டும். நம் கிளப்புகள் இடறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஸ்டேடியம் அரசுடையது என்பதால் சீசன் முழுவதற்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கையில் இருப்பதில்லை. வீரர்களின் சம்பள பாக்கி தீர்க்கப்படாமல் கிடக்கும். அது ஃபிஃபாவரை போனால் புது வீரர்களைப் பதிவு செய்யத் தடையும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: களத்தில் எத்தனை வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம்? (வேலூர்)

பதில்: ஐ.எஸ்.எல்.-ல் 2014-ல் ஆறு. 2017-18-ல் ஐந்து. 2021-22 முதல் நான்கு.

கேள்வி: ஒரே சீசனில் அதிக கோல் அடித்தவர் யார்? (புதுச்சேரி)

பதில்: ஐ-லீகில் டெம்போவின் ராந்தி மார்ட்டின்ஸ், 2011-12-ல் 32. ஐ.எஸ்.எல்.-ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டின் அலாதீன் அஜராய், 2024-25-ல் 23. ஒப்பிடும்போது, ராந்திக்கு அந்த சீசனில் 26 ஆட்டம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மோகன் பகானின் மொத்த லீக் பட்டங்கள் எத்தனை? ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். (தூத்துக்குடி)

பதில்: 2024-25 வரையிலான கணக்கு இது. தேசிய லீக் 3, ஐ-லீக் 2 (2014-15, 2019-20), ஐ.எஸ்.எல். ஷீல்டு 2, கோப்பை 2. குழப்பம் ஏ.டி.கே.யால் வருகிறது. 2014, 2016, 2019-20 கோப்பைகளை வென்ற ஏ.டி.கே.யின் உரிமையாளர்கள் 2020-ல் மோகன் பகானின் 80 சதவீதப் பங்கை வாங்கினார்கள். அந்த மூன்று கோப்பைகளை மோகன் பகான் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2019-20-ல் இரண்டும் தனித்தனி அணிகளாக, தனித்தனி லீகில் பட்டம் வென்றன என்பதே போதுமான சாட்சி. அந்த ஐ-லீக் சீசன் கொரோனாவால் நின்றபோது மோகன் பகான் 16 ஆட்டத்தில் 39 புள்ளியோடு யாரும் எட்ட முடியாத உயரத்தில் இருந்தது.

கேள்வி: 2025-ல் லீகே நின்றுபோனது ஏன்? (திண்டுக்கல்)

பதில்: மேலே சொன்ன 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிந்தது. சீசனோ செப்டம்பர் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டுவரை ஓடுவது. பாதி வழியில் உரிமை காலாவதியாகும் லீகை நடத்த முடியாது என்று ஜூலையிலேயே நிறுத்தி வைத்தார்கள். புதிதாக விடப்பட்ட டெண்டருக்கு ஒருவரும் விலை கேட்டு வரவில்லை. கடைசியில் 14 அணிகளோடு 2026 பிப்ரவரி 14-ல் தொடங்கும், மொத்தம் 91 ஆட்டம் என்று ஜனவரியில் அறிவித்தார்கள். நாகர்கோவில் வாசகர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: 14 × 13 = 182, அதில் சரிபாதி 91. அதாவது ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு முறைதான் மோதும்.

கேள்வி: பெண்கள் லீகில் தமிழ்நாட்டு அணி ஏதாவது வென்றிருக்கிறதா? (விருதுநகர்)

பதில்: மதுரையின் சேது எஃப்.சி., 2018-19-ல். லூதியானாவில் நடந்த இறுதிப்போட்டியில் மணிப்பூர் போலீஸை 3-1 என வென்றது. சென்னை சிட்டி ஐ-லீக் வென்ற அதே சீசன்.