லாக்டவுன்ல குழந்தை பெத்தவங்க இன்னும் அதைச் சொல்லி அழறாங்களே, அப்போ எல்லாருக்கும்தானே கஷ்டம்?

கேள்விய வச்சுப் பாத்தா நீங்க ஒரு கணவர்னு நெனைக்கிறேன். 2020ல பிரசவம், அம்மா வீட்டுக்குப் போக முடியல, இத்தனை வருஷம் கழிச்சும் அந்தப் பேச்சு வந்தா அழறாங்க, இது ஓவரா இல்லையான்னு கேட்டிருக்கீங்க. ஓவர் இல்லைங்க. அந்த "எல்லாருக்கும்தானே கஷ்டம்" இருக்கு பாருங்க, அதைக் கேட்டுக் கேட்டுதான் என்னை மாதிரி பல பேரு வாயே திறக்கல. பொதுவா நான் இங்க எழுதுறதில்ல, இதுக்கு மட்டும் எழுதாம இருக்க முடியல.

எனக்கு ஏப்ரல்ல வளைகாப்பு வச்சு சென்னையிலேருந்து மன்னார்குடிக்கு, அம்மா வீட்டுக்கு, கூட்டிட்டுப் போறதா அம்மா எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க, மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டாச்சு. சரி ரெண்டு வாரம்தானேன்னு இருந்தோம். அப்புறம் கோயம்பேடு மார்க்கெட்ல கொரோனா பரவி, மே மாசம் மார்க்கெட்டையே மூடி, சென்னைக்காரங்கன்னாலே ஊர்ப்பக்கம் பயந்தாங்க. ஜூன் 19லேருந்து சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் நாலு மாவட்டத்துக்கும் திரும்ப முழு ஊரடங்கு போட்டாங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எனக்கு சிசேரியன் ஆச்சு. மாவட்டம் விட்டு மாவட்டம் வர்றதுக்கு அப்ப வாங்க வேண்டியிருந்த இ-பாஸுக்கு அம்மா போட்டாங்க, ரிஜெக்ட். டாக்டர் லெட்டர் வச்சு திரும்பப் போட்டாங்க, அதுவும் ரிஜெக்ட். மாமியாருக்கு டயாலிசிஸ், அவங்கள வரச் சொல்லவே முடியாது. ஆஸ்பத்திரியில எல்லாரும் பிபிஇ கிட்டுல, அதான் உடம்பு பூரா மூடுற பாதுகாப்பு டிரஸ்ல, இருந்ததால என் பிரசவம் பாத்தவங்க ஒருத்தர் முகம்கூட எனக்குத் தெரியாது, இன்னிக்கு ரோட்டுல எதிர்ல வந்தாலும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்லயே என் வீட்டுக்காரருக்கு காய்ச்சல், டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். ஒரு காலேஜை கொரோனா கேர் சென்டரா மாத்தி வச்சிருந்தாங்க, அங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு நெகட்டிவ். வாசல்ல தனிமைப்படுத்தின வீடுன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. தையல் போட்ட வயித்தோட நானும் பச்சப்புள்ளையும் மட்டும். வேலைக்கு வர்ற அக்காவ அபார்ட்மெண்ட்ல உள்ள விடல. பால் பாக்கெட்ட கேட்டுலயே வச்சுட்டுப் போவாங்க, குழந்தைய விட்டுட்டு கீழ போயி எடுக்கணுமேன்னு நெனச்சாலே உடம்பு நடுங்கும்.

அப்ப எனக்கு வந்தது அழுகை மட்டும் இல்ல. குழந்தை தூங்குனாலும் எனக்குத் தூக்கம் வராது, மூச்சு விடுறானான்னு மூக்குகிட்ட கை வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். சானிடைசர் போட்டுப் போட்டு கை வெடிச்சு ரத்தம் வந்துச்சு, அந்தக் கையோட அவனத் தொடவும் பயம். பால்கனி கதவத் தொறக்கவே மாட்டேன், என் கையிலேருந்து அவன் கீழ விழுற மாதிரியே மனசுல ஓடும். நான் இல்லாம வேற யாராவது வளத்தா இவன் நல்லா இருப்பான்னு தோணும். இத யார்கிட்ட சொல்றது? அம்மா வீடியோ கால்ல வந்தா அந்தப் பக்கம் அவங்களும் அழுவாங்க, அதனால சிரிச்சுக்கிட்டே "நல்லா இருக்கோம்மா"ன்னு வச்சிடுவேன்.

தையல் பாக்கப் போக முடியாததால என் டாக்டர் போன்லயே பாத்தாங்க (போன்ல, வீடியோல வைத்தியம் பாக்குறதுக்கான விதிமுறைய அந்த மார்ச்லதான் மத்திய அரசு கொண்டு வந்துச்சு). பேச்சுக்கு நடுவுல நான் சரியா பதில் சொல்லலன்னு கவனிச்சிருக்காங்க. "கொஞ்சம் இரும்மா, ஒரு பத்து கேள்வி கேக்குறேன், போன ஏழு நாள்ல எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு"ன்னாங்க. அது எடின்பரோ ஸ்கேல், பிரசவத்துக்கு அப்புறம் டிப்ரஷன் இருக்கான்னு பாக்குற கேள்விகள்னு பின்னாடி தெரிஞ்சுது, 1987லேருந்து இருக்கு, எந்த நர்ஸும் அஞ்சு நிமிஷத்துல கேட்டுட முடியும். பத்தாவது கேள்வி, உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணிச்சான்னு. அதுக்கு நான் எதுவும் சொல்லல. அவங்களும் போன வைக்கல. அன்னிக்கே சைக்யாட்ரிஸ்ட் ஒருத்தர வீடியோவுல பேச வச்சாங்க, மாத்திரை ஆரம்பிச்சாச்சு. கேர் சென்டர்லேருந்து அவரு வந்ததும் ராத்திரி பாதி நேரம் குழந்தை அவரு பொறுப்புன்னு டாக்டரே கறாரா சொல்லிட்டாங்க. ஆகஸ்ட் 17க்கு அப்புறம் இ-பாஸ் கேட்டவங்களுக்கெல்லாம் கிடைச்சுதுல்ல, அந்த வாரமே அம்மா பிரசவ காய மருந்தோட, பூண்டோட வந்து எறங்கிட்டாங்க.

இப்ப சில பேரு வருவீங்க. நடந்தே ஊருக்குப் போனவங்க கஷ்டத்த விடவா, ஆளை இழந்தவங்க கஷ்டத்த விடவான்னு. இல்லைங்க, அவங்க கஷ்டம் பெருசுதான், நான் எங்கயும் போட்டிக்கு நிக்கல. இன்னும் சில பேரு, எங்க பாட்டி வயக்காட்டுல நாத்து நட்டுட்டு வந்து பெத்தாங்கன்னு சொல்லுவீங்க. பெத்தாங்க, ஆனா பெத்ததுக்கப்புறம் பாட்டிய சுத்தி எத்தனை பேரு இருந்தாங்கன்னு யாராவது கேட்டீங்களா? மருத்துவச்சி வந்து வென்னி ஊத்தும், அத்தை பிள்ளைய கால்ல போட்டு குளிப்பாட்டும், பெத்தவ சாப்ட்டுப் படுத்துக்குவா. பச்ச உடம்புக்காரிய தனியா விடாதீங்கன்னு சொன்னது காத்து கருப்புக்காக மட்டும் இல்ல. மனநல வைத்தியம்னு எதுவும் இல்லாத ஊர்ல தாய் வீடுதான் அந்த வைத்தியம். லாக்டவுன் அதைத்தான் அறுத்து விட்டுச்சு, அதுக்குப் பதிலா வேற எதையும் வைக்கல. சாதாரண காலத்துலயே குழந்தை பெத்தவங்கள்ல 13 சதவீதம் பேருக்கு, நம்ம மாதிரி வளரும் நாடுகள்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சனை, பெரும்பாலும் டிப்ரஷன் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அஞ்சுல ஒருத்தி. வழக்கமான நாள்லயே அப்படின்னா அந்த வருஷம் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க.

இன்னொன்னும் சொல்லிடுறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். டிஸ்சார்ஜ் பில்லுல பிபிஇ கிட்டுன்னு ஒரு பெரிய தொகை. எத்தனை பேரு போட்டாங்க, எத்தனை மாத்துனாங்கன்னு கணக்கே கிடையாது. இன்சூரன்ஸ்காரங்க அது கன்ஸ்யூமபிள், அதாவது யூஸ் பண்ணிட்டுத் தூக்கிப் போடுற பொருள், அதுக்குத் தர முடியாதுன்னுட்டாங்க. முகம் தெரியாத பிரசவத்துக்கு அந்த டிரஸ்ஸுக்கும் சேத்து நாங்களே காசு கட்டுனோம். இன்னிக்கும் அந்த பில்ல எடுத்தா எனக்கு வயிறு எரியுது.

உங்க விஷயத்துக்கு வரேன். உங்க மனைவிகிட்ட விளக்கம் சொல்லாதீங்க, அந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்க, நடுவுல "நானும்தான்"னு ஆரம்பிக்காதீங்க. அதுல நீங்க கேள்விப்படாதது ஏதாவது இருக்கும். இப்பவும் தூக்கம் இல்ல, எதுலயும் புடிப்பு இல்லன்னு சொன்னாங்கன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போட்டு தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

எடிட்: மாத்திரை சாப்ட்டுக்கிட்டே பால் குடுத்தீங்களான்னு ஒருத்தங்க கேட்டிருக்காங்க. குடுத்தேன். பால் குடுக்குறவங்களுக்கு ஒத்து வர்ற மாத்திரைகள் இருக்கு, எதுன்னு டாக்டர்தான் பாத்து எழுதணும், நான் பேரு சொல்ல மாட்டேன். கொஞ்சம் தெளிஞ்சதும் நீங்களா நிறுத்திடாதீங்க, அதையும் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாங்க.