வாசகர் கேள்வி – பதில்: கொறங்காட்டு மந்தைக்குக் கலப்பினக் கிடாய்

கேள்வி: மூலனூர் அருகே 12 ஏக்கர் கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) 35 மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டை ஆடுகளை வளர்க்கிறோம். தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் வைப்பதில்லை. உருவில் பெரிய நெல்லூர் இனக் கிடாயைச் சேர்த்தால் குட்டிகள் சீக்கிரம் எடை கூடும் என்று வியாபாரி ஒருவர் சொல்கிறார். மந்தையையே கலப்பினமாக மாற்றிவிடலாமா?

பதில்: விற்பனைக்குப் போகும் குட்டிகள் கலப்பினமாக இருக்கலாம், மந்தையில் தங்கும் தாய் ஆடுகள் மேச்சேரியாகவே இருக்கட்டும். வியாபாரி குட்டியின் எடையைப் பார்க்கிறார், ஆனால் வருடம் முழுவதும் உங்கள் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லைத் தின்பது தாய் ஆடுதான். 25 கிலோ ஆட்டுக்குப் பதில் 35 கிலோ ஆட்டை வைத்தால், அது உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே கால் பங்குக்கும் சற்றுக் கூடுதலான தீவனம் வேண்டும். சித்திரைக் கடைசியில், புல் காய்ந்து வெள்வேல் மரத்தின் நெற்றை (காய்ந்த காயை) நம்பியிருக்கும் நாளில், ஆட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு முனைமுனையாகத் தட்டுப்பட்டால், இருக்கிற ஆடுகளுக்கே மேய்ச்சல் போதவில்லை என்று பொருள்.

முதல் தலைமுறைக் கலப்பினக் குட்டிக்கு, இரண்டு இனங்களும் சேர்வதால் வரும் கூடுதல் வீரியம் முழுமையாகக் கிடைக்கும். அந்தக் குட்டிகளையே கிடாயாகவும் பெட்டையாகவும் வைத்து மறுபடி இணைத்தால் அந்த வீரியம் பாதியாகிவிடும். குட்டிகளும் ஒன்றுபோல் இராமல் உயரமும் நிறமும் பலவிதமாக வரும். ஆகவே கலப்பினக் கிடாய்க்குட்டி எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் அதைப் பொலிக்கு (இனப்பெருக்கத்துக்கு) நிறுத்தாதீர்கள். (இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், பார்க்க அழகான குட்டியை விற்க யாருக்கு மனம் வரும்?)

வருடத்துக்கு ஏழு ஆடுகள் வயதாகிக் கழியும் என்று வைத்துக்கொண்டால், 20 ஆடுகளை நல்ல மேச்சேரிக் கிடாயோடு விட்டால் போதும். அவை ஈனும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி பெட்டையாக இருக்கும், இழப்பு போக மந்தைக்குத் தேவையானவை தேறிவிடும். மீதி 15 ஆடுகளை நெல்லூர்க் கிடாயிடம் விடுங்கள். இந்தப் பதினைந்தும் இரண்டு மூன்று ஈற்றுக் கண்டவையாக இருக்க வேண்டும், ஏனெனில் தலை ஈற்றுப் பெட்டைக்குப் பெரிய இனக் கிடாயைச் சேர்த்தால் ஈனும்போது சிரமப்படக்கூடும். கொறங்காடு கிளுவை வேலியால் துண்டு துண்டாகப் பிரிந்திருப்பது இங்கே கைகொடுக்கும்: செம்மறி 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருவதால், இரு கூட்டங்களையும் 35 நாள் தனித்தனியே மேயவிட்டாலே இரண்டு வாய்ப்புகள் கிடைத்துவிடும். ஆனி மாதக் கடைசியில் கிடாயைச் சேர்த்தால் ஐந்து மாதம் கழித்துக் கார்த்திகையில், மழை பெய்து புல் பச்சையாக இருக்கும்போது குட்டிகள் விழும்.

கேள்வி: இரட்டைக் குட்டி ஈனும் இனத்தைக் கலந்தால் இன்னும் லாபம் இல்லையா?

பதில்: வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல் ஆட்டில் பல குட்டி ஈனும் மரபணு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதை அந்தப் பகுதியின் தக்காணி இன ஆடுகளில் சேர்த்துச் 'சுவர்ணா' ஆடுகளை உருவாக்கியது. இந்த மரபணு ஒரு பிரதி வந்தாலே வேலை செய்யும். எந்த ஆட்டில் இருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இரண்டு குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டிய ஆட்டுக்குச் சினையின் கடைசி மாதத்திலும் ஈன்ற முதல் சில வாரங்களிலும் அடர்தீவனம் வைத்தே ஆக வேண்டும். தீவன மூட்டை வாங்காமல் மேய்ச்சலை மட்டும் நம்பும் உங்களுக்கு, கொழுத்த ஒற்றைக் குட்டியே நல்லது.