நானோ ஜெல் தடவினால் படர்தாமரை போய்விடுமா?

கேள்வி: தொடை இடுக்கில் ஆறு மாதமாகப் படர்தாமரை. டெர்பினாஃபின் க்ரீம் தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. 'நானோ ஜெல் வாங்குங்க, உள்ளே இறங்கும்' என்கிறார் மெடிக்கல் கடைக்காரர். வாங்கலாமா?
வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் ட்யூபைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். நானோ என்பது மருந்தல்ல, மருந்தைச் சுமக்கும் வண்டி. பெரும்பாலும் 100 முதல் 300 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்பு உருண்டைகள். தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. இவை தோலோடு ஒட்டிக்கொண்டு, ரோமக்குழிகளில் தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். 'உள்ளே இறங்கும்' என்பது பாதி உண்மைதான். நல்ல தோலைத் தாண்டி இந்த உருண்டைகள் ரத்தம்வரை போவது அரிது. போகவும் வேண்டியதில்லை, பூஞ்சை குடியிருப்பது தோலின் மேலடுக்கிலும் ரோமத்திலும்.

உங்கள் சிக்கல் வேறாக இருக்கலாம். இந்தியாவில் இப்போது பரவலாகக் காணப்படும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை வகையில் பலவற்றுக்கு டெர்பினாஃபின் கேட்பதில்லை. அந்த மருந்து முடக்கவேண்டிய நொதியே உருமாறிவிட்டது. பூட்டை மாற்றிய பிறகு பழைய சாவிக்கு முலாம் பூசி என்ன பயன்? இன்னொன்று, ட்யூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு ஏதாவது சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் மறைக்கும், பூஞ்சையை வளரவிடும். தடவினால் அடங்கி நிறுத்தினால் கிளம்புவது அதன் குணம். தோல் மருத்துவரிடம் போனால், வளையத்தின் ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஆறு மாதம் ஆகிவிட்டதால் மாத்திரையும் தேவைப்படலாம்.

கேள்வி: எவ்வளவு தடவ வேண்டும்? 10 கிராம் ட்யூப் எனக்கு ஒரு மாதம் வருகிறது.
வாசகி, மதுரை

பதில்: அப்படியானால் போதவில்லை என்றே நினைக்கிறேன். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம்; விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். நான்கு உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வேளை தடவினால் 10 கிராம் ஐந்தே நாளில் தீரும். எத்தனை வேளை என்பது மருந்தைப் பொறுத்தது. வளையத்தின் நடு ஆறியதுபோல் தெரியும், உயிரோட்டமான பூஞ்சை ஓரத்தில் இருக்கும். அதனால் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. தடவுங்கள். தழும்பு மட்டும் மிஞ்சிய பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். ஈரம் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்பே தடவவேண்டும்.

கேள்வி: லிபோசோம் ஜெல்லை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். பயன்படுத்தலாமா?
வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். லிபோசோம் என்பது மருந்தை உள்ளே அடைத்த நுண்ணிய கொழுப்பு உருண்டை. உறைந்தால் பனித்துகள்கள் லிபோசோமின் மெல்லிய உறையைக் கிழித்துவிடும், உள்ளிருக்கும் மருந்து வெளியேறிவிடும். உருகிய பிறகு தண்ணீர் தனியாகப் பிரிந்திருந்தாலோ விரலில் நறநறவென்று பட்டாலோ கெட்டது உறுதி. பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவுவதும் கூடாது.